ஏடுகளில் நம் பெயர்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையைப் போற்றிப் பேசுவது மரபு. அதனைச் செய்யத் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இங்குள்ளனர். நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அரசாங்கத்தின் ஏடுகளில் நம் பெயர் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது? அதனை யார் யார் படிக்கிறார்கள்? நாம் அதனைப் படித்திருக்கிறோமா? இம்மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருளாகும்.

ஏடு மூடியிருந்த காலம்

நம் பாட்டன்மார்க்கு ஏடு என்பது அச்சம் தரும் பொருளாக இருந்தது. கணக்குப்பிள்ளையின் கட்டுக்குள் கிடந்த சிட்டாவிலும் அடங்கலிலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவர்களுக்குத் துணிவில்லை. துணிந்து கேட்டாலும் படித்தறிய எழுத்தில்லை. எழுதியிருப்பதே உண்மை என்றும், எழுதாதது பொய் என்றும் ஆகிவிட்ட உலகில், எழுதுகோல் எவர் கையில் இருந்ததோ அவர் கையிலேயே நிலமும் இருந்தது.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து 1891-இல் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒப்படைக்க ஆணையிட்டது. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை எவருக்கும் கைமாற்றலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. இதனையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். நிபந்தனை ஏட்டில் இருந்தது. நிலமோ பெருமளவில் பிறர் கைக்குப் போயிற்று. 1994 அக்டோபரில் காரணையில் அந்நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தையொட்டி நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் ஈந்தனர். ஓர் ஏட்டின் ஒரு வரிக்காக நம்மவர் கொடுத்த விலை அது.

நிலம் மட்டுமன்று, பெயரும் ஏட்டிலேயே தீர்மானிக்கப்பட்டது. பெருந்தலைவர் எம். சி. இராஜா அவர்கள் சட்டமன்றத்தில் முயன்றதன் விளைவாக, 1922-இல் அரசு ஆவணங்களில் பழைய இழிபெயர்கள் நீங்கி ஆதிதிராவிடர் என்னும் பெயர் ஏறிற்று. நம் பெயரை நாமே எழுதுவோம் என்ற உரிமைக் குரல் நமக்குப் புதியதன்று.

பின்னர் ஏடு சிறிது சிறிதாகத் திறந்தது. 1980-இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அலுவலர் முறை ஒழிந்தது. 1990-களின் நடுவில் இராஜஸ்தானத்து உழைப்பாளர்கள், தங்கள் பெயரில் கூலி எழுதிப் பிறர் எடுத்துக்கொண்ட வருகைப் பதிவேடுகளை ஊர் நடுவே உரக்கப் படிக்கச் செய்தனர். தமிழ்நாடு 1997-இலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005-இல் நாடு முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ஏட்டைத் திறக்கச் செய்தவர்கள் கூலிக்காரர்கள். இதனை நாம் ஒருபோதும் மறக்கலாகாது.

கரும்பலகையில் ஒரு பாடம்

இன்று அந்த ஏடு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. எவ்வளவு வந்திருக்கிறது என்பதை அறிய, நம் கழகத்தின் மாலை வகுப்பில் ஒரு பயிற்சி செய்தோம். நம்முடைய பெயரையும் ஊரையும் கரும்பலகையில் எழுதி, மாணவர் மூவரை அழைத்து, “அரசு பொதுவில் வைத்துள்ள பதிவுகளை மட்டும் கொண்டு எம்மைப் பற்றி என்னென்ன அறிய முடியும் என்று தேடுங்கள், பிறர் பெயர் எதனையும் தேடலாகாது” என்றோம். நாற்பது நிமிடம் கொடுத்தோம்.

வாக்காளர் பட்டியலிலிருந்து தந்தையார் பெயர், வயது, கதவு எண், அதே வீட்டில் வாழும் பிறர் பெயர்கள் கிடைத்தன. புல எண்ணைக் கொண்டு பட்டாவில் உள்ள பரப்பும், வில்லங்கச் சான்றிலிருந்து வீடு கட்ட அடமானம் வைத்துப் பெற்ற கடன் தொகையும் வந்தன. நீதிமன்றங்களின் இணையத் தளத்தில், பாதை குறித்துப் பங்காளியுடன் நடந்து என்றோ முடிந்துபோன ஒரு வழக்கு வந்தது. கல்லூரிச் சேர்க்கைத் தரவரிசைப் பட்டியல் ஒன்றிலிருந்து நம் மகனின் மதிப்பெண்ணும் சமூகப் பிரிவும் வந்தன. கரும்பலகை நிறைந்துவிட்டது. ஒளிவு மறைவின்றிச் சொன்னால், அதன் முன் நின்றபோது நாம் சிறிது நடுங்கினோம். அங்கிருந்த எதுவும் களவாடப்பட்டதன்று. எதுவும் பொய்யன்று. தனித்தனியே பார்த்தால் எதுவும் தீங்கானதுமன்று. ஒன்றாகச் சேர்த்து எழுதியபோது ஒரு குடும்பத்தின் கதவு திறந்து கிடந்தது.

பொதுப் பதிவுகளின் இயல்பு இதுவேயாகும். முன்னாளில் ஒவ்வோர் ஏடும் ஒவ்வோர் அலுவலகத்தில் தூசி படிந்து கிடந்தது. ஒருவரைப் பற்றி முழுதும் அறிய விரும்புவோர் பேருந்தேறிப் பல ஊர்களுக்கு அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலே ஒரு காவலாக இருந்தது. இணையம் அந்தக் காவலை நீக்கிவிட்டது.

முதலில் நமக்கு உதவும் பக்கம்

இதைக் கேட்டதும் “எல்லா ஏடுகளையும் மூடிவிட வேண்டும்” என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறு. திறந்த ஏட்டால் மிகுந்த பயன் அடையத்தக்கவர்கள் நாமே.

நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியவற்றை அரசின் இணையச் சேவையில் காணலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். தாத்தாவுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதை ஒரு மாணவி வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே அறியலாம். ஆனால் கணினியில் உள்ளதே முழு உண்மை என்று நம்பிவிடலாகாது. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய ‘அ’ பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெற்று, அதன் குறிப்புப் பகுதியில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றைய பதிவோடு ஒப்பிட வேண்டும்.

தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயரைக் கொண்டு தேடினால், அது மாதந்தோறும் பணம் செலுத்தியிருக்கிறதா, எத்தனை தொழிலாளருக்குச் செலுத்தியது என்பதைக் காணலாம். ஐந்நூறு பேர் உள்ளே நுழையும் வாயிலில் இருநூறு பேருக்கே பணம் கட்டப்பட்டிருந்தால், அந்த எண்ணே தொழிற்சங்கத்துக்கு ஆயுதமாகும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் வந்தால், அவர் உரிமம் பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் பணத்தைத் தொடலாம்.

நம் பாலாற்றங்கரையின் சான்றும் உண்டு. தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் ஏறத்தாழ 29,000 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. 2025 சனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம், இழப்பீடு எஞ்சியோருக்கு வழங்கப்பட வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது. இத்தகைய பட்டியலில் பெயர் உள்ளவர்க்கே இழப்பீடு. பெயர் விடுபட்டவர் எவ்வளவு இழந்திருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே, ஏட்டில் பெயர் இருப்பதும், சரியாக இருப்பதும், அதனை நாம் படித்திருப்பதும் நமக்கு வாழ்வாகும்.

பிறர் நம்மைப் படிக்கும் பக்கம்

இனி மறுபக்கத்தைக் காண்போம். ஏழையின் ஏடு, செல்வரின் ஏட்டைவிட அகலத் திறந்திருக்கிறது. காரணம் எளியது. அரசிடமிருந்து கூலியும் ஓய்வூதியமும் வீடும் உதவித்தொகையும் பெறுவோரின் பட்டியலே வெளிப்படையாக வைக்கப்படுகிறது. ஊழலைத் தடுக்க அது தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் தேவைக்கு மேல் வைத்துவிட்டார்கள். பெங்களூரிலுள்ள இணையம் மற்றும் சமூக ஆய்வு மையம் 2017 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு அரசுத் தளங்களின் வழியே மட்டும் ஏறத்தாழ 13 கோடி ஆதார் எண்களும் 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் வெளிப்பட்டிருக்கலாம் என்று அது கணித்தது. அவர்கள் யார்? ஊரக வேலைத் திட்டத்தில் மண் சுமந்தவர்களும் முதியோர் ஓய்வூதியம் பெற்றவர்களும். அந்த ஊரக வேலைத் திட்டத்தின் அட்டைகளில் குடும்பத்தார் பெயரோடு பட்டியல் சாதி என்ற பிரிவும் எவரும் காணும்படி இருந்தது.

சாதி என்ற கட்டம் இல்லாத ஏட்டிலும் சாதி தெரிந்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலில் தெருப் பெயர் ‘காலனி’ என்றிருந்தால் போதும். சென்னையிலும் பெங்களூரிலும் வாடகை வீடு தேடும் நம் பிள்ளைகள் முகவரியைச் சொல்லத் தயங்குவதை நாம் அறிவோம். அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அந்நீக்கம் தத்தம் தெருவின் எல்லா ஏடுகளிலும் நிறைவேறியிருக்கிறதா என்று பார்ப்பது இளைஞர் கடமை.

பேரணாம்பட்டுப் பக்கத்தில், காலணித் தொழிற்சாலையில் ‘அப்பர்’ தைக்கும் நம் சகோதரி ஒருவருக்கு ஒரு நாள் தொலைபேசி வந்தது. மகளின் பெயர், தகப்பன் பெயர், பள்ளி, மதிப்பெண் யாவும் பிழையின்றிச் சொல்லி, “உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, அம்மா, கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள்” என்றது ஒரு குரல். சொன்னார். ஒரு மாதச் சம்பளம் போயிற்று. “இவ்வளவும் தெரிந்தவர் அரசாங்கத்தார் என்றுதானே எண்ணுவேன், அண்ணா?” என்று அவர் நம்மிடம் அழுதார். அவர் மீது பிழையில்லை. விவரம் தெரிந்தவரெல்லாம் அதிகாரி என்று நம்பப் பழக்கப்பட்டவர்கள் நாம். அந்தப் பழக்கம் இன்று மாற வேண்டும். நம்மைப் பற்றி ஒருவருக்குத் தெரியும் என்பது அவர் நல்லவர் என்பதற்குச் சான்றாகாது.

வழக்குகளுக்கு வருவோம். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7 அன்று ஆணையிட்டது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நள்ளிரவில் அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் மீது என்ன குற்றம் சாட்டப்பட்டது என்பதைக் குடும்பம் உடனே அறிய முடிவதால் அது நல்ல ஆணையே. ஆனால் ஊர்ச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்டுப் பின் விடுதலையானவரின் பெயரும் இணையத்தில் நின்றுவிடுகிறது. குற்ற வழக்கில் விடுதலை பெற்ற ஒருவர், இணையத்திலுள்ள தீர்ப்பில் தம் பெயரை மறைக்க வேண்டி மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளையை அணுகினார். 2021-இல் மறுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் ஆயம் அதற்கு இசைந்தது. அவ்வாண்டு சூலையில் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. விடுதலையான பின்னும் ஏடு விடுதலை தராத நிலையை இவ்வழக்குக் காட்டுகிறது.

இவை யாவற்றினும் கொடியது ஒன்று. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் செய்வோரின் அறிவிப்பு முப்பது நாள் பொதுவில் வைக்கப்படுகிறது. கேரளத்தில் இவ்வறிவிப்புகள் படத்தோடும் முகவரியோடும் இணையத்தில் ஏற்றப்பட்டன. மதம் கடந்த மணங்களைத் தடுக்க முனைந்தோர் அவற்றை எடுத்துப் பரப்பவே, 2020 சூலையில் அம்மாநில அரசு இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தியது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கரை வெட்டிச் சாய்த்த நாட்டில், சாதி கடந்து மணப்போரின் முகவரி வெளிப்படுவது உயிர்ப் பிரச்சினையாகும். இருவரும் இந்துக்களாயின், 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்த முப்பது நாள் அறிவிப்புத் தேவையில்லை. இத்தகையோரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று ஆணையிட்டிருக்கிறது. இளைஞர்கள் இவ்விரண்டையும் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் ஒருவர் தாமே பொதுவில் வைத்த விவரத்துக்கும், சட்டக் கடமையால் பொதுவில் வைக்கப்பட்ட விவரத்துக்கும் அச்சட்டம் பொருந்தாது. நாம் மேலே பேசிய பட்டியல்களுள் பலவும் இவ்வாறு காவலின்றி வெளியே நிற்கின்றன.

அதே வேளையில் அச்சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவையும் திருத்திவிட்டது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பற்ற, தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடும் விவரத்தையே மறுக்கலாம் என்றிருந்தது. இன்று, தனிமனித விவரம் என்ற அளவிலேயே மறுக்க இடம் ஏற்பட்டிருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) உட்பிரிவு மட்டும் எஞ்சி நிற்கிறது. நம் நிலம் யாருக்குக் கைமாறியது என்று கேட்டால் “அது தனிமனித விவரம்” என்ற பதில் வரக்கூடும். இனி எழுதும் ஒவ்வொரு மனுவிலும் பொதுநலன் யாதென்பதை விளக்கி, 8(2) உட்பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நமக்கென்றே உள்ள ஒரு காவலையும் சொல்லியாக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் சேர்க்கப்பட்ட 15-அ பிரிவின்படி, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் தீர்ப்பிலும், பொதுமக்கள் காணக்கூடிய எந்த வழக்குப் பதிவிலும் மறைக்குமாறு சிறப்பு நீதிமன்றத்தைக் கோரலாம். கோராமல் தானே நடக்கும் என்று இருந்துவிடலாகாது. வழக்குத் தொடங்கும் நாளிலேயே வழக்கறிஞரிடம் சொல்லி மனுச் செய்ய வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு குடும்பமும் தன் ஏடுகளைத் தானே படிக்க வேண்டும். வாக்காளர் பட்டியல், பட்டா, வில்லங்கம், வைப்பு நிதிக் கணக்கு ஆகிய நான்கையும் பாருங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி அலைந்தோர் பலர். முன்கூட்டியே படித்து வைத்தவருக்கு அலைச்சல் இல்லை. பெயர் விடுபட்டால் படிவம் 6, பிழையிருந்தால் படிவம் 8.

இரண்டாவதாக, கேட்பவருக்கெல்லாம் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள். முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிப் பயன்படுத்துங்கள். கைப்பேசிக்கு வரும் எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். காலம் கடந்தால் பணம் கைமாறிவிடும்.

மூன்றாவதாக, நம் கழகமே தன் வீட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும். உதவி பெற்ற மாணவர் பட்டியலைப் படத்தோடும் தொலைபேசி எண்ணோடும் குழுக்களில் பரப்பும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. கணக்கை வெளியிடுவோம், பிள்ளைகளின் விவரத்தை வெளியிடாதிருப்போம்.

நான்காவதாக, இந்த அறிவைப் பிறரை வேவு பார்க்கப் பயன்படுத்தலாகாது. அண்டை வீட்டாரின் கடனையும், ஒரு பெண்ணின் முகவரியையும் தேடுபவன் கற்றவன் ஆகான். அதிகாரமும் பொதுப்பணமும் எங்கே இருக்கின்றனவோ அங்கே ஏட்டைத் திறக்கச் சொல்வோம். எளியவரின் வீட்டு வாயிலில் அதே ஏட்டுக்கு ஒரு திரை கேட்போம். இவ்விரண்டும் முரணானவை அல்ல. ஒரே நீதியின் இரு கூறுகள்.

கால் நூற்றாண்டுக்கு முன் இக்கழகம் கைந்நாட்டு வைத்தவர்க்குக் கையெழுத்துக் கற்பித்துத் தொடங்கியது. கையொப்பம் இடுவதற்கு முன் படித்துப் பார் என்பதே அன்று நாம் கற்பித்த முதற்பாடம். அப்பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை. அன்று நம் முன் வைக்கப்பட்ட தாளைப் படிக்கக் கற்றோம். இன்று நம்மை அறியாமல் நம்மைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கக் கற்க வேண்டும். வரும் திங்கள் முதல் வாரம் ஒரு மாலை, நம் படிப்பகத்தில் இதற்கென வகுப்பு நடைபெறும். மாணவர்கள் கைப்பேசியோடு வாருங்கள். வரும்போது பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் அழைத்து வாருங்கள். ஏட்டில் இருப்பது அவர்கள் பெயர். அதனை முதலில் படிக்கும் உரிமை அவர்களுக்கே உண்டு.